காபிக் கறை

சீட்டில் கறை என்று கார் வந்தால் ஜெரால்டின் மூன்று கேள்வி கேட்பார். என்ன விழுந்தது, எத்தனை நாளாச்சு, வீட்டில் எதைப் போட்டுத் தேய்த்தீர்கள். கசார்வாடியில் தண்டவாளத்தை ஒட்டிய தகர ஷெட்டில் இருபது வருஷமாக அவருக்கு இதுதான் தொழில். காரின் வெளியை யார் வேண்டுமானாலும் கழுவிக்கொள்ளட்டும், உள்ளே இருக்கும் அழுக்கு அவருடையது. கட்கி கன்டோன்மென்டில் பிறந்து வளர்ந்த பெண்மணி என்பதால் அவர் தமிழில் இந்தி தாராளமாகக் கலந்திருக்கும். கறைக்குத் தாக், அதன் மேல் அடிக்கும் மருந்துக்குத் தவா.

"என்னா விழுந்துச்சு ஸார்?"

"காபி," என்றான் கோகுல்நாத்.

யோசிக்காமல் சொல்லிவிட்டான். யோசிக்காமல் பொய் சொல்வது பதினெட்டு நாளில் அவனுக்கு நன்றாகப் பழகியிருந்தது. ஆபீஸில் தனக்கு வைரல் ஃபீவர் என்றான். வீடு இருக்கும் நிக்டியில் பக்கத்து ஃப்ளாட்காரர்கள் கேட்டபோது மனைவி வித்யாவுக்கு ஃபுட் பாய்சன் என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைத்தான் தினமும் மூன்று வேளை செய்துகொண்டிருந்தான். சோறு மட்டும் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது. அதுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"பால் காபியா, பிளாக்கா? சக்கரை உண்டா?"

"பால் கம்மி. சக்கரை ஒன்றரை ஸ்பூன்."

ஒன்றரை ஸ்பூன்! பொய்க்கும் ஒரு நேர்த்தி வேண்டாமா. ஃபிளாஸ்க் மூடி சரியாக மூடவில்லை என்றும், பழைய ஹைவேயில் ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியது என்றும் அவனே சேர்த்துக்கொண்டான். ஜெரால்டின் முன்பக்க இடது சீட்டைக் குனிந்து பார்த்தார். வெளிர்மஞ்சள் துணியில் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, காய்ந்துபோன பழுப்பு. காபி என்றால் காபிதான்.

"ஸ்டீம் விட்டா வந்துரும். எப்ப வேணும்?"

"இன்னைக்கே. நாளைக்கு சாயங்காலம் வைஃப் ஊருக்குப் போறா. இந்தக் கார்லதான் ஸ்டேஷன் போகணும்."

இது மட்டும் நிஜம். வித்யாவை ஈரோட்டுக்கு அழைத்துப் போக அவள் அம்மா வந்திருந்தார். வித்யா தன் துணி முழுவதையும் மூன்று பெட்டியில் எடுத்து வைத்துவிட்டாள், ஸ்வெட்டர் உட்பட. ஈரோட்டில் ஸ்வெட்டர் எதற்கு என்று அவன் கேட்கவில்லை. எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்த நாளிலிருந்து அவள் இந்தக் காரைப் பார்க்கவேயில்லை. நாளைக்குக் கதவைத் திறந்து இந்த சீட்டைப் பார்த்தாளானால் திரும்பி வரமாட்டாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

ஷெட்டு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். தகரத்தின் மேல் ஜூலை மழை. ஜெரால்டின் முதலில் வேக்வம் பிடித்தார், பிறகு ஒரு பாட்டிலிலிருந்து தவா அடித்து பிரஷால் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். லோனாவ்லா லோக்கல் ரயில் ஒன்று போயிற்று. அவன் போனில் ஆபீஸ் மெயில் ஒன்றுக்கு ஓகே என்று பதில் போட்டான். எதற்கு ஓகே என்று அடுத்த நிமிஷம் ஞாபகமில்லை. உடம்பு இங்கே இருந்தது, மற்றதெல்லாம் எங்கோ பருத்தி மூட்டைக்குள் இருந்தது. இப்படியே இருந்துவிட்டால்கூட நல்லதுதான் என்று நினைத்தான்.

ஸ்டீம் மெஷின் சீறியது. ஐந்து நிமிஷம் இருக்கும், சட்டென்று நின்றது.

ஜெரால்டின் முகமூடியை இறக்கிவிட்டு வந்தார். கையைத் துடைத்தார், இன்னொரு தடவை துடைத்தார்.

"தம்பி, அது காபி இல்ல."

ஸார் தம்பியாகிவிட்டதை அவன் கவனித்தான்.

"சூடு பட்டதும் வாசனை வந்துருச்சு. மூணு பிள்ளை பெத்தவ நான், எனக்குத் தெரியாதா?" அவர் குரலில் கோபம் இல்லை. "ரத்தத்துக்கு சூடே காட்டக் கூடாது தம்பி. பச்சைத் தண்ணிதான். சூடு பட்டா வெந்து துணியோட சேர்ந்துக்கும். அப்புறம் எந்தத் தவாவும் எடுக்காது. தாக் என்னான்னு மட்டும் சொல்லியிருந்தாப் போதுமே, ஏன் எப்படின்னு நாங்க கேக்கறதே இல்லையே."

அவன் எழுந்து போய்ப் பார்த்தான். கறை போகவில்லை. முன்பைவிடக் கறுத்து, ஓரத்தில் ஒரு வளையம் போட்டு, உட்கார்ந்துவிட்டது.

"அடிபட்டுச்சா யாருக்காச்சும்?"

இல்லை என்று தலையாட்டினான். அடுத்த பொய்க்கு வாய் தயாராகத்தான் இருந்தது. மூக்கில் ரத்தம் என்று சொல்லியிருக்கலாம், அவரும் நம்பினாற்போல் இருந்திருப்பார். ஆனால் அந்த ஈரமான சூடான வாசனை ஷெட்டு முழுக்க நின்றது. அதற்கு முன்னால் பொய் வரவில்லை.

"எம் பையன்," என்றான். "அஞ்சு மாசம். வயித்துல. சிஞ்ச்வட் ஆஸ்பத்திரிக்குப் போற வழியில டிராஃபிக். நாப்பது நிமிஷம் நின்னுட்டோம்."

இதை அவன் அதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாமியாரிடம்கூட போனை நர்ஸ் கையில் கொடுத்துத்தான் சொல்ல வைத்தான். பையன் என்று நர்ஸ் சொன்னபோதுதான் அவர்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அந்தப் பையனுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதியிருந்தார்கள். அதில் பிள்ளை என்ற அர்த்தமே இல்லை.

ஜெரால்டின் சிலுவை போட்டுக்கொண்டார். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை, அதற்காக அவன் அவரைக் கும்பிட்டிருப்பான். தொழில்காரியாகவே பேசினார்.

"ஸ்பாஞ்சுக்குள்ளயும் இறங்கியிருக்கும். புதுசு போடணும்னா நாலு நாள், இந்த மழைக்கு மேலயும் ஆகும். இல்லேன்னா மேல கறுப்பு ரெக்சின் கவர் மாட்டிடலாம். ஒரு மணி நேர வேலை. யாருக்கும் தெரியாது."

கவரை எடுத்து வந்து காட்டினார். நல்ல கவர்தான். எல்லாவற்றையும் மூடிவிடும். மூடுவதில் கோகுல்நாத்தைவிடக் கெட்டிக்காரன் அந்த ஹைவே நெடுகத் தேடினாலும் கிடைக்கமாட்டான். அதைக் கையில் வைத்துத் தடவிப் பார்த்தான். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டான்.

மாமியார் எடுத்தார். "சொல்லுங்க மாப்ள, வண்டி ஆச்சுங்களா?"

"வித்யாகிட்டக் குடுங்க அத்தை."

அவள் மூச்சு கேட்டது.

"சர்வீஸுக்குன்னு சொல்லிட்டு வந்தேன்ல, சர்வீஸ் இல்ல. சீட்டைக் கழுவக் குடுத்தேன். காபின்னு சொல்லிட்டேன். அதனால அந்தம்மா தப்பா ஸ்டீம் வெச்சுட்டாங்க. இனிமே போகாதாம்."

மழைச் சத்தம் அங்கேயும் கேட்டது.

"என்னைக் கேக்காம ஏன் கழுவின?"

"நீ பாக்க வேண்டாம்னுதான்."

"அப்படியே கொண்டு வா," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

நிக்டிக்குப் போகும் வழியெல்லாம் அவன் இடது பக்கம் திரும்பவில்லை. பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தும்போதே அவள் லிஃப்ட் பக்கத்தில் நின்றிருந்தாள், வீட்டுச் செருப்போடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல் தடவையாகக் கீழே இறங்கியிருக்கிறாள். கதவை அவளே திறந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

அவனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ பிய்ந்தது. வலித்தது. இத்தனை நாளும் வலிக்காமல் இருந்த இடம் இதுதான் போலும்.

"நான் கார் முழுக்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்," என்றாள். ஈர சீட்டில் அந்த இடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "அந்தம்மாகிட்ட அப்புறம் என்னன்னு சொன்ன?"

"எம் பையன்னு சொன்னேன்."

வித்யா திரும்பி அவனைப் பார்த்தாள்.

"எங்கிட்ட நீ ஒருதரம்கூட அப்படிச் சொல்லலை. காலைல எந்திரிச்சு டீ போட்ட, லேப்டாப்பைத் திறந்த. உனக்கு ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சேன். அதனாலதான் எல்லாத்தையும் எடுத்து வெச்சேன்."

ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அவன் அழுதான். அழகாக அழத் தெரியவில்லை, மூக்கெல்லாம் ஒழுகியது. அவள் தடுக்கவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. முடியட்டும் என்று காத்திருந்தாள்.

"திரும்பி வருவியா?" என்றான் கடைசியில்.

"நாளைக்குப் போகத்தான் போறேன். வர்றது தெரியலை." துப்பட்டாவின் நுனியை அவன் கையில் கொடுத்தாள், துடைத்துக்கொள்ள. "தினம் போன் பண்ணு. ஆனா சாப்டியா, மாத்திரை போட்டியான்னு மட்டும் கேட்டீன்னா வர மாட்டேன். அவனைப் பத்திப் பேசு."