புளியோதரை இல்லாத சனிக்கிழமை

மரகதத்துக்கு த்ரோபால் ஆட வேண்டும். அமெரிக்காவில், ரிச்சர்ட்சன் பூங்காவில் சனிக்கிழமைதோறும் கூடும் தமிழ்ப் பெண்கள் அணிக்கோ அவளுடைய புளியோதரை வேண்டும். சிக்கல் அவ்வளவுதான்.

ஆறு வருடத்துக்கு முன் அந்த அணியின் முதல் சர்வீஸே அவளுடையதுதான். அப்புறம் வெண்பா பிறந்தாள். பின்னாலேயே வலது தோள் இறுகிப்போய், தலை வாரக்கூடக் கை எழும்பாமல் வருடக்கணக்கில் கிடந்தாள். ஒருவழியாகத் தோள் சரியாகி, போன மார்ச்சில்தான் திரும்பப் போனாள். போனவள் சும்மா இருந்திருக்கலாம். பழைய மரகதம்தான் நான் என்று காட்டுகிற வீம்பில், எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் வீசினாள். பந்து வலையைத் தாண்டவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அணியில் ஒரு வழக்கம் உண்டு. ஆடும் ஏழு பேரில் இடமில்லாதவர்தான் எல்லோருக்கும் சாப்பாடு கொண்டுவர வேண்டும். அணியை நடத்தும் ராஜலக்ஷ்மி அன்றே அன்பாகச் சொல்லிவிட்டாள், உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, சாப்பாட்டைப் பார்த்துக்கொள் என்று. மரகதமும் வாராவாரம் புளியோதரை கொண்டுபோனாள். எல்லோரும் விரலைச் சூப்பிச் சூப்பிப் புகழ்ந்தார்கள். புகழப் புகழ அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியே விட்டால் கடைசிவரை சாப்பாட்டுத் தூக்குப்போசிதான் கதி என்று தெரிந்துபோயிற்று.

தோள்வலி அடங்கியதும், காலையில் வெண்பாவைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வீட்டிலிருந்தே பார்க்கும் ஆபீஸ் வேலைக்கு லாகின் செய்யுமுன் கராஜ் சுவரில் பந்து வீச ஆரம்பித்தாள். முதல் வாரம் பத்தே வீச்சு. வீசுவதைவிட, பத்தோடு நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. கை துறுதுறுக்கும். பத்து என்றால் பத்து என்று பந்தைக் கார் டிக்கியில் போட்டுப் பூட்டிவிடுவாள். ஜூனில் முப்பது. வாக்கிங் போனால் போதாதா என்று கேட்ட கணவன் நஞ்சுண்டனுக்குப் பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. செப்டம்பரில் அறுபது.

தீபாவளிப் போட்டிக்கு ஆள் எடுக்கும் சனிக்கிழமை, தண்ணீர் பாட்டிலோடு மட்டும் போய் இறங்கினாள்.

"சாப்பாடு எங்க மரகதம்?" என்றாள் ராஜலக்ஷ்மி.

"இன்னிக்கு இல்லீங்க அக்கா. ட்ரை பண்ண வந்திருக்கேன்."

பசியோடு வந்தவர்கள் முகம் தொங்கிப்போயிற்று. ஆளுக்குப் பத்து சர்வீஸ், அதிகம் தேறும் ஏழு பேருக்கு இடம். மற்ற ஏழு பேரும் முடித்திருந்தார்கள். ராஜலக்ஷ்மிக்குத் தேறியது ஏழு, எல்லோரிலும் அதுதான் குறைவு.

மரகதத்தின் முதல் பந்து வலையில் விழுந்தது. இரண்டாவது கோட்டுக்கு வெளியே போயிற்று. ஓங்கி அடி என்று பழைய வீம்பு காதில் ஓதியது. அவள் கேட்கவில்லை. மூச்சை விட்டு, கராஜ் சுவரை நினைத்து, நிதானமாக வீசினாள். மூன்றாவது உள்ளே விழுந்தது. நான்காவதும் அடுத்தடுத்தவையும் விழுந்தன. கடைசிப் பந்தின்போது தோள் சுரீரென்றது. ஆனாலும் பந்து வலையைத் தாண்டிக் கோட்டுக்குள் போய் விழுந்தது.

எட்டு.

ராஜலக்ஷ்மி அணிப் பட்டியலை எடுத்தாள். பேனாவால் தன் பெயரை அடித்துவிட்டு மரகதத்தின் பெயரை எழுதினாள்.

"அடுத்த சனிக்கிழமை சாப்பாடு நான் கொண்டு வர்றேன்" என்றாள்.

ராஜலக்ஷ்மியின் சமையலைத் தின்று பார்த்திருந்த மற்ற ஆறு பேரும் புல்லைப் பார்த்தார்கள். மரகதத்துக்கு மட்டும் அதை இப்போதே சாப்பிடலாம் போலப் பசித்தது.