கூட இருக்க ஒரு ஆள்

1

இந்தக் கதை முதலில் ஒரு கட்டுரையாக இருந்தது. எந்த நாட்டில் மக்கள் வைத்தியத்துக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று ஒப்பிட்டு எழுதித் தரும்படி ஒரு பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். இங்கிலாந்தில் இருக்கும் பழனிக்குமார், மூட்டு ஆபரேஷனுக்குத் தன் கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை என்றார். ஆனால் முறை வரும்வரை ஒன்றரை வருடம் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனாராம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் நிஹால், ஆஸ்பத்திரியில் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பதை நினைத்தால் வயிறு எரிகிறது என்றான். எல்லோரும் முதலில் ஒரு தொகையைச் சொன்னார்கள். அடுத்து ஓர் "ஆனால்" வந்தது. தொகைகளைக் கட்டுரையில் வைத்துவிட்டேன். ஆனால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தபோதுதான் கீழ்வீட்டு அன்னாள் அக்கா மாடியேறி வந்தார்.

2

"ஒரு பித்தப்பையை எடுக்க டெக்சாஸில் ஏழாயிரம் டாலர், திண்டுக்கல்லில் எழுபதாயிரம் ரூபாய், அப்படியானால் அதன் உண்மையான

[நிறுத்திவிட்டேன். கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. மறுபடி தொடங்குகிறேன்.]

அன்னாள் அக்கா ஒரு சிறிய தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. ஒரே தம்பி ஸ்டீபன்ராஜ் அமெரிக்காவில் இருக்கிறார். அவருக்கு வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து, பித்தப்பையில் கல் என்று கண்டுபிடித்திருந்தார்கள். காப்பீடு கொடுப்பது போக அவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டியதே ஏழாயிரம் டாலர். விமான டிக்கெட்டையும் சேர்த்துப் பார்த்தாலும் ஊருக்கு வந்து செய்துகொள்வது மலிவு. இங்கே விசாரித்துச் சொல்லும்படி அக்காவிடம் கேட்டிருந்தார். கட்டுரைக்கு ஆகுமே என்று நானும் கூடப் போனேன்.

3

திருச்சி ரோட்டில் ஒரு மருத்துவமனை. டாக்டர் அம்மா, அக்காவின் போனில் இருந்த ஸ்டீபன்ராஜின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, வலி எப்படி வருவதாகத் தம்பி சொன்னார் என்று கேட்டார். அக்கா தன் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தார்.

"இங்க ஆரம்பிச்சு அப்படியே முதுகுப் பக்கம் ஏறும். எண்ணெய் சேத்த வெஞ்சனம் சாப்ட்டா அன்னிக்குத் தூக்கம் போச்சு. குனிஞ்சு உக்காந்தா செத்த நேரம் அடங்கும்."

டாக்டர் அந்தக் கையையே பார்த்தார்.

"இது உங்க தம்பி சொன்னதாம்மா?"

அக்கா கையை எடுத்துவிட்டார்.

அன்றே அவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். தம்பிக்கு இருந்ததைவிடப் பெரிய கற்கள். இரண்டு வருடமாக வலியோடுதான் இருந்திருக்கிறார். தள்ளிப்போட்டால் சீழ் பிடித்து ஆபத்தாகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அக்காவிடம் இருக்கும் அரசுக் காப்பீட்டு அட்டையிலேயே செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார்.

திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து அக்கா என் தோளைத் தொட்டார். "தம்பிட்ட சொல்லிராத பானு."

4

எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. தம்பிக்காக வலியை மறைக்கும் அக்கா. நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அதனால் அவரைக் கொஞ்சம் மாற்றப் பார்த்தேன். "அன்னாள் கத்தி என்றாலே நடுங்குபவர்" என்று எழுதி அடித்தேன். "அன்னாள் காசில் கெட்டி" என்று எழுதி, வெட்கப்பட்டு அதையும் அடித்தேன். கடைசியில் கீழே போய் அவரையே கேட்டேன்.

பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"பயமும் இல்ல, பணமும் இல்ல பானு. கார்டுதான் இருக்கே. கூட யாரு இருக்காங்கன்னு கேப்பாங்கல்ல? தம்பிக்குன்னா நான் இருக்கேன். எனக்கு நான் யாரச் சொல்லுவேன்?"

[கட்டுரைக்கான குறிப்பு: வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் துணைக்கு ஆள் இல்லாமலே படுக்கலாமாம். துடைத்துவிடுவது, எழுப்பி நடக்கவைப்பது எல்லாம் நர்ஸ் வேலை. அதற்கும் சேர்த்துத்தான் பில். நம் ஊரில் அந்தப் பில்லை உறவுக்காரர்கள் உடம்பாலே கட்டுகிறார்கள். உறவுக்காரர் இல்லாதவர்

இதற்கு மேல் கட்டுரை நகரவில்லை. பத்திரிகைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன்.]

5

ஸ்டீபன்ராஜ் வந்தார். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அக்கா அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்தார். வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, இட்லியும் ரசமுமாகச் சமைத்துப் போட்டார். பத்தியம் அண்ணனுக்குத்தான் என்று தெருவில் நினைத்தார்கள். [தம்பி. கை தவறிவிட்டது. இருக்கட்டும், தாடி நரைத்துவிட்டதால் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.] அதே ரசத்தை அக்காவும் ஏன் சாப்பிடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு இரண்டு முடிவுகள் கிடைத்தன. ஒன்று, ஸ்டீபன்ராஜ் எதுவும் தெரியாமலே விமானம் ஏறுகிறார். இன்னொன்று, அக்காவும் தம்பியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். முதலாவது குரூரம். இரண்டாவது பொய்.

இரண்டையும் எழுதாமல், மூன்றாம் பகுதிவரை அச்செடுத்து அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். உங்கள் சம்மதம் இல்லாமல் இது எங்கும் போகாது என்றேன். அவர் நின்றபடியே படித்தார். நீண்ட நேரம் காகிதங்களைத் தரவில்லை.

"வாயால சொல்ல வரல பானு எனக்கு. இத அவன்ட்ட குடுத்துரட்டா?"

கொடுத்துவிட்டார்.

நான் மாடியில் காத்திருந்தேன். சற்றுப் பொறுத்து ஸ்டீபன்ராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. விடுப்பை நீட்டிக்கக் கேட்டு அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன் என்றார். கிடைக்குமா என்று தெரியவில்லை. வேலை போனால் மனைவி, மகளுடைய காப்பீடும் அதோடு போகும். மகளுக்கு மூச்சிரைப்பு.

"அக்கா போடான்னுதான் சொல்றாங்க. எப்படிங்க போறது? ரெண்டு வருசமா வாரவாரம் போன்ல, நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு..."

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்து ஒரு வசனம் எழுதினேன். அதை அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்: அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கீழே போனேன்.

அக்கா அடுப்படியில் இருந்தார். "யாரச் சொல்லுவேன்னு கேட்டீங்களே, என்னையச் சொல்லுங்கக்கா" என்றேன். இத்தனை நாள் ஆஸ்பத்திரி, ஸ்கேன் என்று கூடவே அலைந்த எனக்கு, இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். எழுதுவதிலேயே குறியாக இருந்திருக்கிறேன் போல. அவரும் என்னை அந்தக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினார்.

"பாயில படுக்கணும்டீ."

"படுக்கிறேன்."

முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

6

அக்காவுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். ஸ்டீபன்ராஜின் டிக்கெட் அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமைக்கு. அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அன்று இரண்டு பேர் உட்கார்ந்திருப்போமா, நான் மட்டுமா என்பது இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது. நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாற்காலியில் மட்டும் நான் இருக்கிறேன், அதை மாற்றாதீர்கள்.

இந்தப் பக்கம்வரை அக்காவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். மீதியை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று சொன்னேன்.

"பேனா, பேப்பர்லாம் தூக்கிட்டு வராத பானு" என்றார். "சும்மா வா. வந்து இரு."