பதில் சொல்லாத விரிப்பு

1

இந்தக் கதை ஒரு படுக்கை விரிப்பிலிருந்து தொடங்கியது. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இதில் வரும் பெரியவர் நான்தான் என்பதையும். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன். மூன்று வரிக்கு மேல் கை ஓடவில்லை. 'அவர்' என்று போட்டதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார முடிந்தது.

முதல் தொடக்கம்: "அவருடைய மனைவி செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில்..." (வேண்டாம். இப்படித் தொடங்கினால் அவளைப் பற்றிய கதையாகிவிடும். அவளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை போதாது.)

இரண்டாவது: அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, பதினெட்டு வருஷமாக வேலை பார்த்தான்.

இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன்.

2

சலவைக்கூடத்தைச் சொல்லாமல் கதை நகராது. அங்கே ஒவ்வொரு விரிப்பின் ஓர மடிப்புக்குள்ளும் ஒரு சில்லு வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதற்குள் பேட்டரி கிடையாது. வாசலில் நிற்கும் கருவி ரேடியோ அலையை வீசும். அந்த அலையிலிருந்தே துளி மின்சாரத்தை எடுத்துக்கொண்டு சில்லு தன் எண்ணைச் சொல்லும். அலை நின்றுவிட்டால் செத்ததுபோலக் கிடக்கும். நூலகப் புத்தகத்துக்குள் ஒட்டியிருப்பது, அலுவலகக் கதவைத் திறக்கும் அட்டையில் இருப்பது, காரின் கண்ணாடியிலிருந்து சுங்கச்சாவடிக்குத் தகவல் சொல்வது எல்லாம் இதற்கு ஒன்றுவிட்ட உறவு.

மைத்துனனுக்கு இதில் ஏகப் பெருமை.

"பிரிக்க வேணாம், எண்ண வேணாம் மாமா. வண்டியை வாசல் வழியா தள்ளினா போதும். நாற்பது விரிப்பும் ஒரே மூச்சில 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லிடும்."

"நீ பள்ளிக்கூடத்துல சொல்லாததை அதுங்க சொல்லுதாக்கும்."

"அதனாலதான் மாமா அதுங்க வண்டியில உட்கார்ந்து போகுது, நான் தள்ளிட்டுப் போறேன்."

(அவரிடம் அந்த வீட்டில் இப்படி விளையாட்டாகப் பேசத் துணிந்தவன் அவன் ஒருவன்தான். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.)

3

அவள் போன அன்று கூட இருந்தவன் மைத்துனன். மாதக்கணக்கில் படுத்த உடம்பு, முதுகெல்லாம் புண். விரிப்பு புண்ணோடு ஒட்டியிருந்தது. அக்காவிடமிருந்து அதை உரித்தெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. விரிப்போடு சேர்த்துச் சுற்றி, மேலே அவர் வாங்கி வந்த புதுத்துணியைப் போர்த்தினான். அவர் காதோடு விஷயத்தைச் சொன்னான். அவர் தலையசைத்தார். அப்படியே அடக்கம் செய்தார்கள்.

வந்திருந்த உறவுக்காரர்களிடம் அவர் சொன்னது வேறு.

"உள்ளே வெளியே எல்லாமே புதுசு. நம்ம வீட்டுப் பொம்பளை அடுத்தவன் துணியில போகமாட்டா."

யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

மூன்று வாரம் கழித்துச் சலவைக்கூட மேலாளர் மைத்துனனைக் கூப்பிட்டார். அந்த வருஷம் பதினொரு விரிப்புகளைக் காணவில்லை. பத்துக்குத் துப்பே இல்லை. பதினொன்றாவது மட்டும் கடைசியாகச் சலவைக்கூட வாசலைத் தாண்டியது அவன் வார்டுக்குத் தள்ளிப்போன வண்டியில் என்று கருவியில் பதிவாகியிருந்தது. ஒன்றை எடுத்தவன் பதினொன்றையும் எடுத்திருப்பான் என்று பேச்சு. அன்று பணியிலிருந்த நர்ஸ் தனக்கு எதுவும் நினைவில்லை என்றுவிட்டார்.

"வீட்டுக்காரர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா நம்புறோம்னு சொல்றாங்க மாமா. திங்கக்கிழமைக்குள்ள."

"என்ன வரி?"

"விரிப்பு அக்காவோட போயிடுச்சுன்னு."

"ஆஸ்பத்திரித் துணியில பொண்டாட்டியைப் புதைச்சேன்னு நான் எழுதிக் கொடுக்கணும். ஊரே படிக்கும்."

"யாரு படிக்கப் போறா? ஃபைல்ல கிடக்கும்."

"இந்தக் குடும்பத்துக் கையெழுத்து அந்த மாதிரி ஃபைல்ல கிடக்காது மாப்பிள்ளை."



"நான் திருடன்னு கிடக்கலாமா?"

அதற்கு அவர்

[இங்கே அவர் சொன்ன பதிலை மூன்று விதமாக எழுதி, மூன்றையும் அடித்துவிட்டேன். அவர் பதில் சொல்லவே இல்லை. எழுந்து உள்ளே போனார்.]

4

நல்ல முடிவு ஒன்று எழுதி வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனன், கூட வேலை பார்ப்பவரிடம் கெஞ்சி, கையில் பிடித்துச் சில்லைப் படிக்கும் கருவியை வாங்கிக்கொண்டு அக்காவின் புதைமேட்டுக்குப் போகிறான். மண்ணுக்கு மேலே பிடிக்கிறான். கருவி 'கீக்' என்கிறது. திரையில் அந்த எண். அவன் வேலை தப்பிக்கிறது. அவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. மானமும் போகவில்லை, மைத்துனனும் போகவில்லை.

இதில் பாதி உண்மை. அவன் போனான். முட்டி போட்டு, கருவியை மண்ணோடு அழுத்தி, ஒரு மணி நேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். அந்த அலை வெறும் காற்றில் சில அடி தூரம் தாராளமாகப் போகும். ஈரத்தைக் கண்டால் அங்கேயே அடங்கிவிடும். அவளுக்கு மேலே ஆறடி ஈரமண். முந்தின வாரம் முழுக்க மழை வேறு.

முழங்காலெல்லாம் சேறாக வந்து நின்றான்.

"அக்கா பேசமாட்டேங்கிறா மாமா."

"மண்ணு காயட்டும். அப்புறம் போய்ப் பாரு," என்றார் அவர்.

(இந்த ஒரு வசனத்தையாவது மாற்றிவிடலாம் என்று பல நாள் நினைத்தேன். வேறு எதைப் போட்டாலும் அது அவர் வாயில் ஒட்டவில்லை.)

5

திங்கட்கிழமை வந்தது. போனது. அவனுக்கு வேலையும் போனது, பதினொரு விரிப்புகளும் அவன் தலையில். வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டான். அக்கம்பக்கத்தில் விசாரித்தேன், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சொல்லாமல் போனவனைத் தேடி எந்த வாசலில் எந்தக் கருவியை வைப்பது?

அவர் கடைசி நேரத்தில் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டதாக முடிக்கலாம். அவன் ஒருநாள் திரும்பி வந்து, "என்ன மாமா, இன்னும் உயிரோடதான் இருக்கீங்களா?" என்று சிரித்ததாகவும் முடிக்கலாம். நீங்கள் இளகிய மனசுக்காரராக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். என்னால் முடியவில்லை.

இதுவரை படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், "இதையே அந்த மேலாளருக்கு அனுப்பிடுங்களேன்," என்றார். அனுப்பலாம்தான். ஆனால் கதை என்று பெயர் வைத்துவிட்ட எதையும் எந்த விசாரணையிலும் சாட்சியாக எடுக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கதையாக எழுதினேன். அடித்தும் திருத்தியும் இத்தனை பக்கம் எழுதிவிட்ட கைக்கு, அவர்கள் கேட்ட அந்த ஒற்றை வரி மட்டும் இன்றைக்கும் பாதியில் நிற்கிறது:

"என் மனைவியின் உடம்பைச் சுற்றியிருந்த விரிப்பு..."

மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். கையெழுத்துக்கு மட்டும் என்னிடம் வராதீர்கள்.