சவரிமுத்து வேலைக்கு வராத இரண்டு வருஷம்

செஞ்சிக் கோட்டைக்குப் போகும் வழியில் சேஷாசல மணியக்காரருக்குச் சிலை வைக்கிறார்கள். பீடத்துக் கல்வெட்டை எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. நான் ஹைஸ்கூல் சரித்திர டீச்சர், அதுவும் அவர் விடுதலை செய்ததாகச் சொல்லும் அடிமைகளின் தெருவில் பிறந்தவள். பொருத்தம் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார்கள்.

"சர்க்கார் சட்டத்துக்கு அறுபது வருஷம் முன்னாடியே, 1783லேயே, அடிமைங்களுக்கு விடுதலை ஓலை எழுதிக் குடுத்தவரு. அப்படியே எழுதிடும்மா ஜெயராணி," என்றார் பாண்டுரங்கன். மணியக்காரரின் வாரிசு, சிலைக் கமிட்டித் தலைவர். எழுதினால் எங்கள் தெருக்காரர்கள் கல்லறைக்குப் போகத் தன் நிலத்தில் வழி விடுவதாகவும் சொன்னார். இப்போது பிணத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வழுக்கி வழுக்கித்தான் போகிறோம். போன ஐப்பசி மழையில் அம்மாவின் சவப்பெட்டியே சேற்றில் விழுந்தது.

ஓலையைப் பார்க்காமல் எழுதமாட்டேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். 'சோபகிருது வருஷம் ஆவணி மாதம்' என்று இருந்தது. அட! தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். சோபகிருது 1783லும் வந்தது, 1843லும் வந்தது. அவர்கள் வீட்டில் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம் என்பதால் சேஷாசலமும் இரண்டு பேர். பாண்டுரங்கன் தனக்குப் பிடித்த வருஷத்தை எடுத்துக்கொண்டார்.

விடுதலை பெற்றவன் ராயப்பன் மகன் சவரிமுத்து, அவன் மனைவி, மூன்று பிள்ளைகள் என்றது ஓலை. பங்குக் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினேன். ராயப்பன் மகன் சவரிமுத்து பிறந்ததும் ஞானஸ்நானம் பெற்றதும் 1811ல். பிறக்காதவனை எப்படி விடுதலை செய்வது? ஆக, ஓலை 1843. அடிமைத்தனம் செல்லாது என்று கிழக்கிந்தியக் கும்பினியார் சட்டம் போட்டு நாலே மாதம் கழித்து எழுதியது.

அதற்காக மணியக்காரரை நான் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. சட்டம் வந்த பிறகும் எழுதிக் கொடுக்காதவர்கள் எத்தனையோ பேர். இவர் எழுதினார், அந்த மட்டும் சரி. ஆனால் மனம் இரங்கி எழுதினாரா? ஓலையின் நாலாவது வரி வேறு கதை சொன்னது.

அண்ணன் பெலிக்ஸுக்கு வேறு கவலை. "ஒரு வருஷத்த மாத்தி எழுதினா இன்னா ஆயிடும்? செத்தவங்களுக்கு வழி கெடைக்குதில்ல?" என்றான். அம்மாவின் பெட்டியைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன்.

மறுநாள் கமிட்டிக் கூட்டம். பெலிக்ஸும் தெருக்காரர்களும் வாசல் பக்கம் நின்றார்கள். நான் ஓலையையே எடுத்துப் படித்தேன்: "மேற்படி சவரிமுத்து இரண்டு வருஷமாய் நம்முடைய வேலைக்கு வராமலும், ஆள் அனுப்பியும் அடித்தும் கட்டுப்படாமலும் இருக்கிறபடியால், இனி அவன் பேரிலும் பெண்டு பிள்ளைகள் பேரிலும் நமக்குப் பாத்தியம் இல்லை."

"சட்டத்துக்கு முன்னாடியே வேலைய நிறுத்தினவரு சவரிமுத்து. கல்லுல மொதல்ல அவரு பேரு. அப்புறந்தான் மணியக்காரரு. வருஷம் 1843. வேற மாதிரி நான் எழுதமாட்டேன்," என்றேன்.

பாண்டுரங்கன் முகம் சிவந்துவிட்டது. என்னை விட்டுவிட்டுப் பெலிக்ஸைப் பார்த்தார். "இன்னாப்பா, உங்களுக்கு வழி வேணுமா, வேணாமா?"

பெலிக்ஸ் உள்ளே வந்தான். "வேணும். கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்து, தெருவே போய் உக்காந்து வாங்கிக்கிறோம். இன்னொரு தபா எங்களுக்கு நீங்க விடுதலை குடுக்க வேணாம்."