பூட்டிய வண்டியின் சூடு

எறையூர் சர்க்கரை ஆலை ரோடு முக்கில் வாடகைக்கு ஓடிய ஒரே கார் இளையபெருமாளுடையது. வெள்ளை அம்பாசடர், டீசல் இன்ஜின். வெயில் காலத்தில் தொட்டதும் கிளம்பிவிடும். மார்கழியில் மட்டும் அடம்பிடிக்கும். ஹீட்டரைப் போட்டுக் காத்திருந்து, இரண்டு மூன்று தடவை முக்கி முனகி, புகையைக் கக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்த பிறகும் கால் மணி நேரமாவது நின்ற இடத்திலேயே ஓடிச் சூடேற வேண்டும். இல்லாவிட்டால் முதல் மேட்டிலேயே இருமிக்கொண்டு நின்றுவிடும்.

அந்தக் கால் மணி நேரமும் வண்டிக்குள் குந்தியிருக்க இளையபெருமாளுக்குப் பொறுமை கிடையாது. அந்த டீசல் வண்டியில் ஒரு வசதி இருந்தது. சாவியை உருவினாலும் இன்ஜின் நிற்காது. நிறுத்த வேண்டுமானால் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். அதனால் வண்டியை ஓடவிட்டு, சாவியை எடுத்து, நான்கு கதவையும் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் பாட்டுக்குப் போய்விடுவான். ஆளில்லாத கார் இருட்டில் தனியே உறுமிக்கொண்டு நிற்கும்.

இரண்டாயிரமாவது வருஷத்து மார்கழியில் ஒரு நாள், ஆலை அதிகாரி ஒருவரை ஆறரை மணிக்குத் திருச்சிக்கு ஏற்றிப்போக வேண்டியிருந்தது. ஐந்தரைக்கே வண்டியைக் கிளப்பி, ஓடவிட்டுப் பூட்டிவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த பெருமாள் கோயிலுக்குப் போனான். சாமி கும்பிட என்பதைவிட, பொங்கலுக்கு. அன்றைக்குப் பூசை கொஞ்சம் தாமதம். பொங்கல் ஆவி பறக்க வந்தது. தொன்னையில் வாங்கித் தின்றவன், குளிருக்கு அது தொண்டையில் இறங்கிய சுகத்தில் வரிசையில் போய் நின்று மறுபடியும் வாங்கினான். கரும்பு விவசாயி வீரமணியிடம், ஆலையின் வெட்டு உத்தரவு எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பானெட் மேல் படிந்திருந்த பனியில் யாரோ ஈரத்தைத் துடைத்தது போல ஓரிடம் பளிச்சென்று இருந்தது. பின்பக்க இடது கண்ணாடியில், வெளிப்புறம், ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாக. யாராவது குறும்பாகச் செய்திருப்பார்கள் என்று துணியால் துடைத்துவிட்டுக் கிளம்பினான்.

மத்தியானம் திருச்சியிலிருந்து வந்து, முக்கில் இருந்த குழந்தைவேல் டீக்கடையில் உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"வடக்கிக்காட்டு ராசாங்கம் பொண்டாட்டி போயிட்டாப்பா" என்றார் குழந்தைவேல். "கரும்பு வெட்டுறானே, அவன். சிந்தாமணின்னு பேரு. தலப்பிரசவம். விடிகாலையில வலி கண்டிருக்கு. பெரம்பலூருக்குக் கொண்டுபோவணும்னு நடத்தியே இந்த முக்குக்குக் கூட்டியாந்திருக்கான். முதல் பஸ்ஸு ஆறே முக்காலுக்குத்தானே. காரும் கெடைக்கல. வெறும் டிராக்டர் ஒண்ணு போயிருக்கு, அதுல ஏத்தியிருக்கான். வழியிலயே புள்ளை பொறந்துடுச்சு. அவளைக் காப்பாத்த முடியல. பெரம்பலூர் எல்லைக்கிட்டயே உசுரு போயிடுச்சாம்." அவர் கிளாசைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "நான் இன்னிக்குக் கடை தொறக்கவே ஏழு மணி ஆயிடுச்சு. நீ எங்கப்பா இருந்த காலையில?"

"நான் அஞ்சரைக்கே சவாரி போயிட்டேனே" என்றான் இளையபெருமாள்.

வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்ப வாங்க முடியவில்லை. ஊரும் அதையே நம்பியது. கோயிலில் பார்த்தவர்கள் மணியைக் கணக்குப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அந்தக் கை பதிந்தபோது கூட இருந்த ராசாங்கம் ஒருவனுக்குத்தான் உண்மை தெரியும். அவன் வந்து சண்டை போடுவான் என்று இளையபெருமாள் ஒரு மாதம் பயந்துகொண்டிருந்தான். அவன் வரவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. ஆலை ரோட்டில் கரும்புக் கத்தியோடு எதிரே வந்தால் இளையபெருமாள்தான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான்.

அடுத்த மார்கழி வந்தது.

முதல் வாரத்தில் ஒரு நாள், வழக்கம் போல வண்டியை ஓடவிட்டுப் பூட்டி, குழந்தைவேல் கடையில் டீ குடித்துவிட்டு வந்தான். கண்ணாடியெல்லாம் மூட்டமாக இருந்தது. துணியை எடுத்துத் துடைத்தான். போகவில்லை. இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தான். அப்புறம்தான் தெரிந்தது, மூட்டம் உள்பக்கம் இருந்தது.

நாலைந்து பேர் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசிக்கொண்டு போனால்தான் வண்டிக்குள் அப்படி மூச்சுப் படியும். பின்பக்க இடது கண்ணாடியில், உட்புறம், ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது.

கதவைத் திறந்தான். வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. காய்ந்த கரும்புச் சோகை எரிந்த வாசமும், ஈரத்துணியின் வாசமும். சீட்டைத் தொட்டுப் பார்த்தான். ஒருவர் வெகுநேரம் உட்கார்ந்து எழுந்த இடம் போல அந்த மூலை மட்டும் சூடாக இருந்தது.

மறுநாள் அவன் டீக்கடைக்குப் போகவில்லை. வண்டியைப் பூட்டி, சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த புளியமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தான். கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வண்டியின் பின்பக்கம் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. கனமான ஆள் மெல்ல, ஒரு கையால் எதையோ தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஏறி உட்கார்ந்தால் எப்படி இறங்குமோ அப்படி. கதவு திறக்கவில்லை. இடது கண்ணாடியில் காசு அளவுக்கு வெண்மை தோன்றியது. அது விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது. யாரோ வலியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இளையபெருமாள் அன்றைக்குச் சவாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

இனிமேல் விடிகாலையில் வண்டியை எடுப்பதே இல்லை என்று முடிவு செய்தான். வெயில் ஏறிய பிறகு எடுத்தால் போதும், போகிற சவாரி போகட்டும் என்று சாவியைக் கொண்டுபோய் வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டினான். இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் விடியலில் அவன் மனைவி அம்பிகா அவன் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, வண்டி ஓடுதே. எங்கயாச்சும் கெளம்புறீங்களா?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். முக்கிலிருந்து, அவனுக்கு நன்றாகத் தெரிந்த அந்த இன்ஜின் சத்தம், சீராக வந்துகொண்டிருந்தது. சுவரைப் பார்த்தான். சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். அம்பிகாவும் பின்னால் ஓடி வந்தாள். நான்கு கதவும் பூட்டியே இருந்தன. பானெட் கையை வைக்க முடியாமல் கொதித்தது. வெகுநேரமாக ஓடியிருக்க வேண்டும். கதவைத் திறந்து, பின்சீட்டைப் பார்க்காமல், குமிழை இழுத்தான். சத்தம் அடங்கியது. அடங்கிய பிறகு, பின்னால் யாரோ ஒரு பெருமூச்சு விட்டது அவர்கள் இருவருக்கும் கேட்டது.

ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அவன் அம்பிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். பொங்கலைச் சொன்னான், மறுதடவை வரிசையில் நின்றதைச் சொன்னான், டீக்கடையில் சொன்ன பொய்யையும் சொன்னான். முடிவில் அவள், "அந்த ஆளைப் போயிப் பாத்தீங்களா?" என்றாள்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவ?"

"இந்த மூஞ்சிதான் இருக்கு. இதோட போங்க" என்றாள் அம்பிகா.

அன்றைக்கே எட்டு மணிக்கு வடக்கிக்காட்டுக்குப் போனான். பனி இன்னும் விலகவில்லை. குடிசைகளுக்குப் போகும் மாட்டுவண்டித் தடத்தில் கார் போகாது. தார் ரோட்டில் நிறுத்தி, குமிழை இழுத்து, பூட்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தான்.

ராசாங்கம் குடிசை வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். அவன் அக்கா இருசம்மாள் ஒரு வயது ஆகப்போகும் பெண் குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். இளையபெருமாளைப் பார்த்ததும் ராசாங்கம் கத்தியைக் கீழே வைத்தான்.

"வாங்கண்ணே" என்றான்.

"ராசாங்கம், அன்னிக்கு நான் சவாரிக்குப் போவல. வண்டியப் பூட்டிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தேன். பொங்கல் தின்னுக்கிட்டு இருந்தேன்ப்பா."

"தெரியும்ணே. வண்டிகிட்டதானே நின்னுக்கிட்டு இருந்தோம்." அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இளையபெருமாளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். "நான் மெயின்ரோட்டுக்குப் போயிடலாம்னு சொன்னேன். அங்க லாரி ஏதாச்சும் வரும். அவதான் வேணாம்னுட்டா. வண்டி ஓடுது, டிரைவரு பக்கத்துலதான் இருப்பாரு, இப்ப வந்துடுவாருன்னா. குளுரு தாங்கல அவளுக்கு. பானெட்டு மேல முதுக வச்சுச் சாஞ்சுக்கிட்டா. சூடா இருக்கு, இதமா இருக்குன்னா. கண்ணாடியில கைய வச்சு, உள்ள உக்காந்தா எப்படி இருக்கும்னு எட்டிப் பாத்தா. அரைமணி நேரம் நின்னோம்ணே. வண்டி ஓடாம இருந்திருந்தா நாங்க நின்னிருக்க மாட்டோம்."

இளையபெருமாள் தயங்கித் தயங்கி, வண்டிக்குள் நடப்பதைச் சொன்னான். இருசம்மாள் ஊட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ராசாங்கம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான்.

"வண்டி எங்க நிக்குது?"

"ரோட்டுல."

"அக்கா, புள்ளையக் குடு."

"அங்கெல்லாம் புள்ளையக் கொண்டுபோவாதடா" என்றாள் இருசம்மாள்.

"அவ புள்ளைதானே" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டான்.

இருவரும் கொல்லை வழியே நடந்தார்கள். தார் ரோட்டை எட்டும் முன்பே இன்ஜின் சத்தம் கேட்டது. ராசாங்கம் நின்று இளையபெருமாளைப் பார்த்தான். இளையபெருமாள் கையை விரித்தான். சாவி அதில் இருந்தது.

கார் பனிக்குள் உறுமிக்கொண்டு நின்றது. கண்ணாடிகள் வெளுத்திருந்தன. ராசாங்கம் பானெட்டின் மேல் கையை வைத்து நின்றான். அப்புறம் பின்பக்கம் போய், கண்ணாடிக்கு அருகே குனிந்து, "சிந்தாமணி, புள்ளையக் கொண்டாந்திருக்கேன்" என்றான்.

இளையபெருமாள் கதவைத் திறந்துவிட்டான். வெதுவெதுப்பு வெளியே வந்தது. ராசாங்கம் வலது ஓரமாக ஏறிக் குழந்தையை நடுவில் உட்கார வைத்தான். இடது மூலை காலியாக இருந்தது.

"பெரம்பலூர் போங்கண்ணே" என்றான். "அவ போவணும்னு வந்தது அங்கதான்."

இளையபெருமாள் வண்டியை எடுத்தான். பள்ளத்தில் எல்லாம் வேகத்தைக் குறைத்து, பிரசவக்காரியை ஏற்றிப் போகிறவன் போலவே ஓட்டினான். பாதி வழியில் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தான். குழந்தை தூங்கியிருந்தது. உட்கார்ந்தபடியே, தலையை இடது பக்கம் சாய்த்து. தலைக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருந்தது. வண்டி குலுங்கியபோதும் அந்தத் தலை கீழே விழவில்லை. ராசாங்கமும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பெரம்பலூர் பெரியாஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினான். வெயில் வந்துவிட்டிருந்தது. இளையபெருமாள் இறங்கிப் போய் இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். வண்டியின் பின்பக்கம் மெல்ல ஒரு விரற்கடை மேலே எழும்பியது. அவன் காலுக்கருகே ஒரு ஈரக்காற்று கடந்து போனது. குழந்தை திடுக்கிட்டு விழித்து, ஆஸ்பத்திரி வாசல் பக்கம் இரண்டு கையையும் நீட்டி வீரிட்டு அழுதது. உள்ளே போகிறவர்களும் வருகிறவர்களுமாக அங்கே ஒரே கூட்டம். யாரைப் பார்த்து அழுகிறது என்று தெரியவில்லை. ராசாங்கம் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தும் வெகுநேரம் அடங்கவில்லை.

அழுகை ஓய்ந்ததும் இளையபெருமாள், "ஏறுப்பா, வூட்டுல விட்டுடறேன்" என்றான்.

ராசாங்கம் தலையை ஆட்டினான். "இல்லண்ணே. நான் பஸ்ஸுல போயிக்கறேன்."

"என் மேல கோவமா?"

ராசாங்கம் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். "தெரியலண்ணே" என்றான். "ஆனா உங்க வண்டியில இனிமே என்னால ஏற முடியாது."

இளையபெருமாளும் காரை மெல்ல உருட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தான். அங்கே எறையூர் பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. ராசாங்கம் குழந்தையோடு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் நகர்ந்ததும் இளையபெருமாளும் காரை எடுத்தான். ரோடு காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவன் முந்திப் போகவில்லை. பஸ் நின்ற ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்னால் நின்று, ஆட்கள் இறங்கி ஏறும் வரை காத்திருந்து, அது கிளம்பியதும் கிளம்பி, எறையூர் வரைக்கும் அதன் பின்னாலேயே போனான்.