குடலா இரைப்பையா

ஜெயசுந்தரி செகந்தராபாத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். 1986-ல் அவள் எடை நூற்று முப்பது கிலோவைத் தாண்டியிருந்தது. சர்க்கரை, முட்டிவலி, படுத்தால் மூச்சுத் திணறல். சர்ச்சில் எல்லோரும் முன்னே போய் முழங்காலிட்டு நற்கருணை வாங்க, பாஸ்டர் அவளுக்கு மட்டும் பெஞ்சுக்கே கொண்டுவந்து கொடுப்பார். அன்பாகத்தான் செய்தார். ஆனால் வெட்கத்தில் அவளால் தலை நிமிர முடியாது.

பத்தியங்கள் எல்லாம் இருந்து பார்த்தாயிற்று. இளைத்தது ஒவ்வொரு முறையும் திரும்ப ஏறியது. கடைசியில் கணவர் ரூஃபஸ் அவளை சர்ஜன் சந்திரமோகனிடம் அழைத்துப் போனார். எடையைக் குறைக்கும் ஆபரேஷனை வெளிநாட்டில் கற்றுவந்தவர் அவர்.

இரண்டு வகை உண்டு என்றார் டாக்டர். ஒன்றில் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு இரு முனைகளை இணைப்பார்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, எடை மளமளவென்று இறங்கும். ஆனால் பின்னால் தொல்லைகள் அதிகம், வெளிநாடுகளில் அதைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மற்றதில் இரைப்பையின் மேல்பகுதியை உலோகப் பின்களால் தைத்துச் சின்னப் பையாக்கி, அதன் வழியை ஒரு பட்டையால் இறுக்குவார்கள். அதில் இளைப்பது குறைவு. சாப்பிடும் பழக்கத்தையும் காலம் முழுக்க மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரேயடியாகத் தீர்வதுதான் நல்லது, குடலிலேயே செய்துவிடுங்கள் என்று ரூஃபஸ் வற்புறுத்தினார். டாக்டர் வாதாடவில்லை. அதைச் செய்துகொண்ட ஒருவரின் விலாசத்தைக் கொடுத்து, பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

சனத்நகரில் இருந்தார் வெங்கடகிருஷ்ணன். பாதுகாப்புத் துறை இன்ஜினியர். பத்து வருஷங்களுக்கு முன் வெளிநாடு போயிருந்தபோது அங்கேயே ஆபரேஷன் செய்துகொண்டவர். ஒல்லியாகக் கதவைத் திறந்த அவரைப் பார்த்ததும் ரூஃபஸின் முகம் மலர்ந்தது. காபி வருவதற்குள் வெங்கடகிருஷ்ணன் அவசரமாக எழுந்து உள்ளே போனார். அவர் மனைவி ரமணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்கே போனாலும் கக்கூஸ் எங்கேன்னுதான் முதல்ல பார்ப்போம். பொண்ணை மடியில வெச்சுண்டு தாரை வார்க்கணும், பாதியில எழுந்து போனார். சிறுநீரகத்துல கல்லு. இப்போ கல்லீரலும் கெட்டுண்டு வரதுங்கறா."

திரும்பி வந்தவருக்கு என்ன பேச்சு நடந்தது என்று புரிந்திருந்தது.

"நான் பண்ணிண்டது தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "இல்லேன்னா எப்பவோ போயிருப்பேன். ஆனா எவ்வளவு இளைப்பேன்னு மட்டும்தான் அன்னிக்குக் கேட்டேன். அப்புறம் எப்படி வாழப்போறேன்னு கேக்கலை. நீங்க கேளுங்கோ."

ஆட்டோவில் திரும்பும்போது, அவருக்கு ஆனது எல்லோருக்கும் ஆகாது என்றார் ரூஃபஸ்.

"நக்கோ, குடல் வேண்டாம்" என்றாள் ஜெயசுந்தரி. "கொஞ்சமா இளைச்சாலும் போதும். எனக்கு இரைப்பையிலயே பண்ணட்டும்."

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கஷ்டம் வீட்டுக்கு வந்தபின் தொடங்கியது. முதலில் மோரை ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்தாள். பிறகு குழைந்த சோறு. ஒரு வாய் கூடினாலும் வாந்தி. இறந்தவர்களுக்காக அழுவதுபோல் சாப்பாட்டுக்காக ஒருத்தி அழ முடியும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அவள் எதிரில் சாப்பிட மனம் வராமல் ரூஃபஸ் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தார். சட்டையில் குருமா வாசனை அடித்தது. வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று அவளே சொன்னாள்.

எடை இறங்கியது. மூச்சு சீரானது. அடுத்த கோடையில் இறங்குவது நின்று மெல்ல ஏறத் தொடங்கியது. கெட்டியான சாப்பாடுதான் அடைத்தது, ஐஸ்கிரீம் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஆபீசிலிருந்து வரும் வழியில் அவள் தினமும் சாப்பிட்டாள், யாரிடமும் சொல்லவில்லை. குடலிலேயே செய்திருக்கலாம் என்று ரூஃபஸ் மறுபடி சொன்னபோதும் ஐஸ்கிரீமை மறைத்துவிட்டாள். வெட்கத்தில் டாக்டரிடம் போவதையும் நிறுத்திவிட்டாள்.

அந்த வருஷம் வெங்கடகிருஷ்ணன் கல்லீரல் கெட்டு இறந்துபோனார். குடல் பேச்சை ரூஃபஸ் அதோடு விட்டார். காரியங்கள் முடிந்தபின் ஜெயசுந்தரி சனத்நகர் போய் ரமணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரமணிதான், உனக்கு எப்படி இருக்கு என்று கேட்டாள். ஜெயசுந்தரிக்கு அழுகை வந்தது. ஐஸ்கிரீம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். துக்க வீட்டில் வந்து இதைச் சொல்கிறோமே என்று கூசியது.

ரமணி புத்தி சொல்லவில்லை. "அவரும் ஆபரேஷன் ஆன முதல் வருஷம் டாக்டர் குடுத்த மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுண்டிருந்தார். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம் நான்" என்றாள். பிறகு, "டாக்டர்கிட்ட எப்போ போறே? நானும் வரேன்" என்றாள்.

போனார்கள். டாக்டர் திட்டவில்லை. பாதிப்பேர் இந்த இடத்தில்தான் காணாமல் போகிறார்கள், நீங்கள் திரும்பி வந்தீர்கள் என்றார். அதன்பின் ரமணி வாரத்துக்கு ஒருமுறை ஆபீசுக்குப் போன் செய்தாள். சில வாரம் ஜெயசுந்தரி உண்மையைச் சொன்னாள், சில வாரம் மழுப்பினாள். ஏறிய எடையில் பாதிதான் இறங்கியது. சர்க்கரை மாத்திரை ஒன்று குறைந்தது.

ஒருநாள் ஜெயசுந்தரியோடு ரூஃபஸும் கிளினிக் போயிருந்தார். வராந்தாவில், உப்பல் பகுதியிலிருந்து வந்த ஓர் ஆள், பருத்த மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த ஆபரேஷன் சார் நல்லது என்று ரூஃபஸிடம் கேட்டார்.

ரூஃபஸ் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எதும்மா பயமா இருக்கு?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். கணவர் குறுக்கே பேசப் போனபோது ரூஃபஸ் அவரைக் கையமர்த்தினார்.