காயலில் போன கட்டுச்சோறு

மஞ்சூர் எஸ்டேட்டில் மருதாயியைத் தெரியாதவர் இல்லை. கொழுந்து பறிப்பதில் கையும் வேகம், பேச்சில் வாயும் வேகம். அந்த வாயால்தான் வினையே வந்தது. ஒரே மகள் ரஞ்சனி, குன்னூர் பேக்கரியில் வேலை பார்த்த மலையாளத்துப் பையன் ஜோமோனைக் கட்டிக்கொண்டு அவன் ஊருக்குப் போனபோது, எனக்கு மகளே இல்லை என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டாள். ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. ரஞ்சனிக்கு ஏழாம் மாசம் என்று காதில் விழுந்த அன்றைக்கு அழுது தீர்த்துவிட்டு, மறுநாள் போய் லீவு கேட்டாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் நடக்கணும். மகளைப் போய்க் கூட்டிவந்துவிட்டால் பழசெல்லாம் அதோடு தீர்ந்துபோகும். அவள் மனசில் இருந்தது இவ்வளவுதான். போனில் வர்றோம் என்று சொன்னாள். சரிம்மா என்றாள் ரஞ்சனி. அதோடு போனை வைத்துவிட்டார்கள்.

சும்மா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவர முடியுமா? கட்டுச்சோறு கொண்டுபோகணும். பலவகைச் சோறும் புதுச்சேலையும் கண்ணாடி வளையலும் எடுத்துக்கொண்டு, தாய்மாமன் முன்னால் நடக்க, மாப்பிள்ளை வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுத்தான் பெண்ணைக் கேட்கணும். வெறுங்கையோடு போய்க் கேட்கிற வழக்கம் அவர்கள் சனத்தில் கிடையாது. தயிர்ச்சோறு வழியில் தாங்காது என்று அதை விட்டுவிட்டு, புளிச்சோறும் எலுமிச்சஞ்சோறும் எள்ளுச்சோறும் கிளறி இலையில் பொட்டலம் கட்டி, சேலை வளையலோடு ஒரே பையில் வைத்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. துணைக்குத் தம்பி மூக்கன் வந்தான். தனக்குத் தெரியாத ஊரே இல்லை என்பான் மூக்கன். அருவங்காட்டைத் தாண்டினால் வழி கேட்கிற ஆள் அவன்.

கெத்தை வழி பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி, கோயமுத்தூர் ஸ்டேஷனில் உட்கார்ந்தபடியே தூங்கி, விடிகாலை ரயிலைப் பிடித்து ஆலப்புழை போனார்கள். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் முகம்மா படகுத்துறை. இறங்கினால் எதிரே வேம்பநாட்டுக் காயல். மருதாயி அதுவரை பார்த்த தண்ணியெல்லாம் அணைக்குள் அடங்கிக் கிடக்கிற தண்ணி. சுற்றிலும் மலை காவல் நிற்கும். இங்கே அக்கரை ஏதோ பச்சைக் கோடாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இதைத் தாண்டியா என் பிள்ளை குடியிருக்கிறாள் என்று அவள் துறையிலேயே நின்றுவிட்டாள். சுற்றிப் போக ரோடு உண்டா என்று மூக்கன் விசாரித்தான். இருக்கிறது, ரொம்பச் சுத்து, படகுதான் சுருக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

மஞ்சூர் பஸ்ஸைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லணும். பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ சீட்டில் எறிந்துவிடணும். எறிந்தவனுக்குத்தான் சீட்டு. குளிருக்கு எதிர்ப்பக்கத்து ஷட்டர் எந்நேரமும் இறங்கியே கிடக்கும் என்பதால் எறிந்தது எங்கேயும் போகாது. மூக்கனுக்குச் சின்ன வயசிலிருந்து பழகிய கை. படகு வந்து அணைந்தது. துறையில் கூட்டம்கூடப் பெரிதாக இல்லை. என்னத்தைச் சொல்ல, கை தன்னால் போய்விட்டது. சீர்ப்பையை ஓங்கி ஒரே வீச்சு. படகுக்கு ரெண்டு பக்கமும் திறந்த ஜன்னல். பை இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறித் தொப்பென்று காயலில் விழுந்தது.

படகுக்காரர் ஆகாயத்தாமரையை விலக்கி நீளக் கழியால் துழாவிப் பார்த்தார். கடைசியில் "போயி" என்றார். மலையாளம் தெரியாத மருதாயிக்கும் அது விளங்கியது.

ஏறிப் பார்த்தால் பாதி சீட்டு காலி. மருதாயி தம்பியை வாயில் வந்தபடி ஏசினாள். ஏசி முடித்ததும் அழுகை வந்தது. திரும்பிவிடலாம் என்று எழுந்தபோது படகு துறையை விட்டு வெகுதூரம் வந்திருந்தது. அக்கரையில் வளையலாவது வாங்கிக்கலாம் அக்கா என்றான் மூக்கன். ரெண்டு வருஷம் மகளே இல்லை என்று இருந்தவள், இப்போது கையை வீசிக்கொண்டு போய் எந்த மூஞ்சியோடு பெண்ணைக் கேட்பது? நடுக்காயலில் நீர்க்காகங்கள் கம்பத்துக்குக் கம்பம் சிறகை விரித்து உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்தார்கள். அவள் தன் வெறுங்கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

குமரகம் துறையில் ஜோமோன் சின்ன வள்ளத்தோடு காத்திருந்தான். அம்மா என்று கூப்பிட்டு, கைகொடுத்து இறக்கி, வாய்க்கால் வழியாக வீட்டுக்குத் துடுப்புப் போட்டுக் கொண்டுபோனான். அவன் அம்மா ரோஸ்மேரி படித்துறைக்கே இறங்கிவந்து வாங்க என்றார். ரஞ்சனி வயிறும் கையுமாக வாசலில் நின்றாள்.

அவள் கண் முதலில் போனது அம்மாவின் கைக்கு. அப்புறம் மாமன் கைக்கு. ரெண்டிலும் ஒன்றுமில்லை என்றதும் முகம் சட்டென்று தெளிந்தது.

"அப்ப நீ என்னக் கூட்டீட்டுப் போக வரலையாம்மா?"

மூக்கன் பையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான். மருதாயி அவன் கையை அமுக்கினாள். பெற்றவளைப் பார்த்து மகள் சந்தோஷப்படலாம். கூடப் போக வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டால் எப்படி இருக்கும்? அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஏன் கண்ணு, அம்மா ஊடு கசந்துபோச்சா என்று கேட்டேவிட்டாள்.

ரஞ்சனி அழுதாள். "நச்சுக்கொடி கீழ எறங்கியிருக்காம்மா. தூரப் பயணமே ஆகாது, ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கணும்னு டாக்டர் சொல்லீட்டாங்க. வரமாட்டேன்னு சொன்னா நீ மறுக்காவும் பேசாம போயிருவியோன்னு பயந்துட்டேன். நீ கட்டுச்சோத்தோட வந்து கூப்புட்டா, வாயத் தொறக்காம வந்தரலாம்னுதான் இருந்தேன்."

மருதாயி நினைத்துப் பார்த்தாள். பை மட்டும் கையில் இருந்திருந்தால், கெத்தை வளைவுகளில் இந்த வயிற்றோடு இவளை உட்காரவைத்துக் கூட்டிப்போயிருப்பாள். கூப்பிட்டால் இந்தப் பைத்தியக்காரி வந்தும் இருப்பாள். மகளைக் கட்டிக்கொண்டு, நான் பாவி, நான் பாவி என்று அழுதாள்.

அழுது ஓய்ந்து, ரோஸ்மேரி கொடுத்த பால் விடாத கட்டன்சாயாவைக் குடித்துக்கொண்டே வீட்டை ஒரு நோட்டம் விட்டாள். ஹாலை ஒட்டி, வாய்க்காலைப் பார்த்த மாதிரி ஒரு பின்ரூம் இருந்தது. வலைகளும் பழைய நாற்காலிகளும் கிடந்தன.

"சம்மந்தியம்மா, தப்பா நெனைக்காதீங்க. அந்த ரூம எனக்கு ஒதுக்கிக் குடுங்க. கொழந்த பொறக்கற வரைக்கும் அது எங்க ஊடு."

ரோஸ்மேரிக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை ஜோமோன் சொன்னான். அவர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அந்த ரூமுக்குப் போனார். மருதாயி அடுப்படிக்குப் போய், அந்த ஊர்ச் சிவப்பரிசியை வடித்துப் புளி கரைத்து ஒரு சோறு கிளறி, எல்லாருக்கும் தன் கையால் பரிமாறினாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்க பொண்ண அனுப்பி வையுங்க என்று முறைப்படி கேட்டாள்.

மூக்கன் முன்னால் நடந்தான். "வா கண்ணு, நம்ம ஊட்டுக்குப் போலாம்" என்று மருதாயி மகளின் கையைப் பிடித்தாள். ஹாலைத் தாண்டினால் ரூம் வந்துவிட்டது. ரோஸ்மேரி மட்டும் ஹாலிலேயே நின்றுகொண்டு, மருமகளைத் தூரதேசத்துக்கு அனுப்புகிறவர்போலக் கண்ணைத் துடைத்தார்.